கொப்பரையில் நான் வெட்டிய மூன்று எழுத்து

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பம்மலில் தோல் சுமந்தேன், கோவளத்தில் மீன் கூடை தூக்கினேன், லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய்த் திரும்பினேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்துத் தெருக்களில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சுத்தியல், இரண்டு உளி, அவ்வளவுதான் முதலீடு. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் முழுப்பேர் போடச் சொல்கிறவர்கள் குறைவு. வீட்டுக்காரரின் இங்கிலீஷ் எழுத்து இரண்டோ மூன்றோ போடச் சொல்வார்கள். பாத்திரம் யார் வாங்கியது என்று நான் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு குமாஸ்தா வீடு. அவருடைய மனைவி ரயில்வேயில் வேலை பார்த்த பிரம்மச்சாரிகளுக்கு இட்லி போட்டுக் கொடுத்துவந்தார். அந்தக் காசில் பாத்திரச் சீட்டு கட்டி, வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்தவை பெரிய இட்லிக் கொப்பரையும் இரண்டு பித்தளை அண்டாக்களும். மூன்றிலும் பேர் வெட்டியவன் நான். என்ன பேர் என்று கேட்டபோது அவர் வாயால் சொல்லவில்லை. நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மூன்று எழுத்து எழுதிக் கொடுத்தார்.

"அவர் பேருதாம்பா. நல்லா ஆழமா வெட்டு. தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சிடப் போவுது."

ஆழமாகவே வெட்டினேன்.

நாலைந்து வருஷம் கழித்து அந்தக் குடும்பம் கோர்ட்டில் பிரிந்தது. வீடு குமாஸ்தா பேரில் இருந்தது, அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சாமான்களுக்குத்தான் வழக்கு. முதல் தீர்ப்பில், சமையலறைச் சாமான் எல்லாம் மனைவிக்கு என்றார்கள். அந்த அக்கா பம்மலில் ஒரு ஒற்றை அறை பிடித்தார். கோர்ட் அமீனா முன்னிலையில் கொப்பரையும் அண்டாக்களும் கைவண்டியில் வந்து இறங்கின. அப்போது நானும் அதே தெருவில்தான் குடியிருந்தேன். மறுநாளே தோல் கம்பெனி ஆட்களுக்கு இட்லி வெந்தது. ஒரு ஈட்டுக்கு அறுபது இட்லி. அந்தக் கொப்பரை இருந்தால் அவருக்கு யார் தயவும் வேண்டியதில்லை.

நாலு மாதம் கூட ஆகவில்லை. குமாஸ்தா மேல்கோர்ட்டுக்குப் போனார். அங்கே தீர்ப்பு மாறியது. எந்தப் பொருளில் யார் பேர் இருக்கிறதோ அது அவருக்கு என்றார்கள். அதே அமீனா மறுபடியும் வந்தார். அவரும் என்னதான் செய்வார், காகிதத்தில் இருப்பதைச் செய்கிற ஆள். கொப்பரையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எழுத்து இன்னா சுத்தமா கீது பாரு. எவன் வெட்டுனானோ, நல்ல வேலக்காரன்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இது என் காசுங்க," என்றார் அக்கா.

"உன் காசுன்னு இதுல எங்கம்மா எழுதிக் கீது?"

கொப்பரையில் அப்போது தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது. அதைக் கீழே கொட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். அக்காவிடம் மிஞ்சியவை அவருடைய அப்பா பேர் போட்ட ஒரு குத்துவிளக்கு, ஒரு தாம்பாளம், இரண்டு சொம்பு. சொம்பில் இட்லி வேகுமா?

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அக்கா மனுப் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். ரயிலேறிக் கோர்ட்டுக்குப் போனோம். நான் கூண்டில் ஏறியதும் குமாஸ்தாவின் வக்கீல் சிரித்துக்கொண்டே தொடங்கினார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது பாதி, சார்."

"முன்பாதியா, பின்பாதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"பாத்திரம் வாங்குறப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல, சார்."

"அப்ப அந்தம்மா காசுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கூலியே இட்லி வித்த சில்லறையிலதான் குடுத்தாங்க. காசுல மாவு காஞ்சு ஒட்டிக்கினு இருந்தது, சார்."

அதற்கும் சிரித்தார்கள். மாவு ஒட்டிய காசில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"பில் இருக்கா?"

"சீட்டுல எடுத்த பாத்திரம் சார், அதுக்கு ஏது பில்லு?"

"பாத்திரத்துல இருக்கறது யார் பேரு?"

"அவரோடது."

"வெட்டச் சொன்னது யாரு?"

"அந்தம்மாதான்."

"தட்ஸ் ஆல்," என்று உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். விடியுமுன் எழுந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர் ஒரு நாளாவது கொப்பரையைத் தூக்கி அடுப்பில் வைத்தாரா என்றும் கேட்கவில்லை. நான் கால் மணி நேரத்தில் வெட்டிய மூன்று எழுத்துக்கு இருந்த மதிப்பு, அக்கா எட்டு வருஷம் பாடுபட்டதற்கு இல்லை.

மூன்றாவது தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. டீக்கடையில் வைத்து எங்கள் வக்கீலின் உதவியாளர் அதைத் தமிழில் சொன்னார். கல்யாணத்தின்போது கொடுத்த சாமானை மட்டும்தான் இந்த வழக்கில் பிரிக்க முடியுமாம். பிற்பாடு வாங்கியதற்குத் தனியாக வேறு வழக்குப் போட வேண்டுமாம்.

"அப்ப முதல்ல எனக்குன்னு குடுத்தாங்களே?" என்றார் அக்கா.

"அது அந்த ஜட்ஜு, அம்மா. இவர் வேற."

"சட்டம் ஒண்ணுதானே சார்?"

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

வேறு வழக்குப் போட அக்காவிடம் தெம்பில்லை. குரோம்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனார். அறுபது அறுபதாக இட்லி அவித்துப் போட்டவர், முன்பின் தெரியாதவர்கள் தின்ற தட்டைக் கழுவினார். எனக்கும் அதற்குப் பிறகு பேர் வெட்டுகிற வேலை ஓடவில்லை. பாத்திரத்தைக் கையில் வாங்கினால், "இது யார் காசும்மா?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். "உனக்கெதுக்கு அதெல்லாம், வெட்ற வேலயப் பாரு," என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், தாம்பரம் மார்க்கெட்டில் பழைய பாத்திரக் கடை வாசலில் அந்தக் கொப்பரையைப் பார்த்தேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அண்டாக்கள் இல்லை. அந்த மனிதருக்கு அது தேவைப்படவே இல்லை. அக்காவிடம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கோர்ட் கோர்ட்டாக ஏறியிருக்கிறார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே கிளம்பினார். காதில் இருந்ததைக் கழற்றி அடகு வைத்துவிட்டு வந்தார்.

கடைக்காரர் கொப்பரையைத் தட்டிக் காட்டினார். "நல்ல கனம்மா. ஒரு பொட்டு ஓட்டை கெடையாது."

"தெரியும்," என்றார் அக்கா. பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். "பில்லு குடுங்க."

"பழைய சாமானுக்குப் பில்லா? இன்னாம்மா, தமாஷ் பண்றே?"

"என் பேரைப் போட்டுக் குடுங்க. இட்லிக் கொப்பரை ஒண்ணுன்னு எழுதுங்க. பணம் குடுத்தது நான்னு எழுதுங்க."

"வுட்டா கவர்மெண்டு முத்திரை கேப்பே போலகீது."

அக்கா நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து எழுதினார். அக்கா எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து, சுருக்குப் பையில் வைத்தார்.

கொப்பரையை நான்தான் தோளில் சுமந்துகொண்டு வந்தேன். வழியில் கேட்டேன். "அந்த மூணு எழுத்தைக் கொத்தி எடுத்துட்டு உங்க பேரை வெட்டட்டுமா அக்கா? கூலி வேணாம்."

"கொத்துனா ஓட்டை விழுந்துடும். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். "நீ வேகமா நட. அரிசி ஊறப் போடணும்."