நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

புது மோட்டார் சைக்கிள் நாற்பதைத் தாண்டாதபடி கம்பெனிக்காரன் கார்புரேட்டரில் ஒரு தடுப்பு வைத்திருந்தான். ஆவடியில் டாங்கி எஞ்சினையே பிரித்து மாட்டுகிற என்னையா அடக்குவது? முதல் சர்வீஸ்வரை பொறுக்காமல் நானே கழற்றி எறிந்தேன். ஆக்ஸிலேட்டர் கேபிளை மட்டும் சரியாக உட்கார வைக்கவில்லை.

மறுநாள் மனைவி ஸ்டெல்லாவோடு திருவேற்காடு தாண்டும்போது முறுக்கிய ஆக்ஸிலேட்டர் திரும்பவே இல்லை. எதிரே தண்ணீர் லாரி! மாதாவையும் கருமாரியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

"யோவ், இன்னாத்துக்குக் கத்திகினு கீற? சாவியத் திருப்புய்யா!" என்ற ஸ்டெல்லா, சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் செருகியிருந்த வண்டிச் சாவியைத் தானே திருப்பினாள். எஞ்சின் அடங்கிய பிறகுதான் எனக்கு பிரேக் ஞாபகம் வந்தது.

தடுப்பைத் திரும்ப மாட்டவில்லை, மாட்டவும் மாட்டேன். ஆனால் கிளப்புமுன் ஆக்ஸிலேட்டர் திரும்புகிறதா என்று முறுக்கிப் பார்க்கிறேன். ஐம்பதைத் தொட்டால் ஸ்டெல்லாவின் கை சாவிக்குப் போகிறது. அந்தத் தடுப்பைக் கழற்ற என்னிடம் ஸ்பேனர் இல்லை.