பெரியப்பா எங்களைப் பிரித்து வைத்த காரணம்

பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் உறவினர் எல்லோருடைய கையிலும் இந்த நினைவுப் புத்தகம், கல்வெட்டு, இருக்கும். படமும் தேவாரமும் போதும் என்றுதான் நான் நினைத்தேன். கடைசிவரை பக்கத்தில் இருந்தவன் நான், ஆகவே நானே எழுத வேண்டும் என்று பெரியம்மாதான் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் வாசித்தாலும் இதை நான் உங்கள் இருவருக்காகவே எழுதுகிறேன். மூத்தவள் லண்டனுக்குப் படிக்கப் போகட்டுமா என்று கேட்டாள். பெரியப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இரண்டு விடைகளைத் தந்துவிட்டுப் போய்விட்டார். எதை எடுப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெரியப்பா வடமராட்சியில் நாங்கள் நால்வரில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் நான், பிறகு கனடா மாமி, கடைசியாக நோர்வே சித்தப்பா. எங்கள் தகப்பனார் வேளைக்கே காலமானபடியால் தகப்பன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவரே செய்தார். நாட்டில் பிரச்சினை தொடங்கிய காலத்தில், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பின்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஆண்பிள்ளைகள் மூவரும் ஒரே கூரையின் கீழ் படுக்கப் பெரியப்பா விடவில்லை. நான் சின்னம்மா வீட்டில், சித்தப்பா கோயில் மடத்தில், அவர் எங்கள் வீட்டில். "ஆளுக்கொரு பக்கமா இருந்தா ஆராவது மிஞ்சுவம்" என்பார்.

அந்த எண்ணம் ஜெர்மனிக்கும் அவரோடு வந்தது. கிழக்கு பேர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குக் கடந்து, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் பான் நகரில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினார். பிறகு அங்கேயே சமையற்காரரானார். மாமியைக் கனடாவுக்கும் சித்தப்பாவை நோர்வேக்கும் அனுப்பியவர் அவர்தான். பின்னால் ஜெர்மனிக்கு வந்த என்னையும் லண்டனுக்கு அனுப்பப் பார்த்தார். பயணம் சரிவராமல் நான் இங்கேயே தங்கிவிட்டேன். "ரெண்டு பேர் ஒரு நாட்டில என்னத்துக்கு?" என்று அவருக்கு அது கடைசிவரை ஒரு குறைதான். பானில் அவருடைய கட்டடத்திலேயே ஒரு வீடு காலியானபோதும் என்னைப் பக்கத்து நகரமான கொலோனிலேயே இருக்கச் சொன்னார். பெரியப்பா வீட்டுக்குப் போக ஏன் ரயில் ஏற வேண்டும் என்று சின்ன வயதில் நீங்கள் கேட்பீர்கள். அதற்கு இதுதான் காரணம்.

மற்றப்படி அவர் யாரையும் தூர வைத்தவர் அல்லர். புதிதாக வந்த பெடியன்களை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும், அங்கே டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிந்து வரும்போது அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதும் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

மூத்தவள் வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டு மேசையில் இருந்து சோதனைக்குப் படித்தாள். 'டிவெர்சிஃபிகட்சியோன்' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடமாக்கினாள். அதென்ன என்று பெரியப்பா கேட்டார். இருப்பதை எல்லாம் ஒன்றிலே போடாமல் பலவற்றில் பிரித்துப் போடுவது, ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்று அவள் விளக்கினாள்.

"இதுக்கோ பிள்ளை மூண்டு வருசம் படிப்பு? என்னட்டைக் கேட்டிருந்தா ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில சொல்லித் தந்திருப்பன். உன்ர அப்பரைக் கேள், என்ர சகோதரங்களை நான் அப்பிடித்தானே வைச்சிருக்கிறன்."

"அப்ப நான் லண்டன் போறதும் நல்லம்தானே, பெரியப்பா?"

"ஓம், போ. ஒரு ஆள் அங்கையும் இருக்கட்டும்."

இது முதல் விடை. மூத்தவள் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள், பிரித்துப் போட்டால் மட்டும் காணாது, ஒன்று விழும்போது மற்றவையும் சேர்ந்து விழுந்தால் அதற்கு இந்தச் சொல்லைச் சொல்ல ஏலாது என்றாள். அதற்கு முதல் வருடம் உலகத்து வங்கிகள் எல்லாம் ஒன்றாக ஆடியதை உதாரணம் காட்டினாள். பெரியப்பா, "அது உங்கட காசுக்கு. மனுசருக்கு இல்லை" என்று எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு அந்தச் சொல் தலைக்குள் நின்றுவிட்டது. தமிழ்ப் பாடசாலை வாத்தியாரிடம் கேட்டேன். பன்முகப்படுத்தல் என்றார். பல முகம் என்றால் எனக்கு முருகன்தான் நினைவுக்கு வருகிறார். கமக்காரன் வெங்காயத்தோடு மிளகாயும் வைப்பதும் அதுதான் என்று வாத்தியார் சொன்னார். அது விளங்கியது. ஆனால் மழை பிந்தினால் இரண்டும் சேர்ந்துதானே வாடும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அடுத்த குளிர்காலத்தில் பெரியப்பா நோயில் விழுந்தார். மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று என் கையைப் பிடித்தார்.

"எல்லாரையும் வரச் சொல்லு. என்ர வீட்டிலயே படுக்கட்டும். பிள்ளையையும் எங்கையும் விடாதை."

"அண்ணை, போகட்டும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது அப்ப."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான் இரண்டாவது விடை.

மாமியும் சித்தப்பாவும் வந்தார்கள். பெரியம்மா முன்னறையில் மெத்தைகளை விரித்துவிட, வயது போன காலத்தில் நாங்கள் மூவரும் வரிசையாகப் படுத்தோம். உங்கட குறட்டை தாங்க ஏலாமல்தான் அண்ணை உங்களை வேறு வீட்டில் படுக்கவிட்டவர் என்று சித்தப்பா என்னைப் பகிடி பண்ணினார். மாமி சிரித்துச் சிரித்து அழுதார். சில நாட்களில், நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்க, பெரியப்பா அமைதியாகக் கண்மூடினார்.

செத்தவீடு முடிய வேலைக்காக அவர்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆனால் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, அவர்களோடு கூடப் போனது. கனடாவில் மாமி கோயிலுக்குப் போகவில்லை, மீன் மச்சம் வாங்கவில்லை. நோர்வேயில் சித்தப்பா தன் மகளுடைய பிறந்தநாளை நிறுத்திவிட்டார். பெரியப்பாவைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை அது. நானும் இங்கே ஒரு வாய் ருசித்துச் சாப்பிடவில்லை. ஒருவர் விழ மூன்று நாட்டிலும் எல்லோரும் விழுந்துபோனோம்.

அப்படியென்றால் மூத்தவள் படித்தபடி பார்த்தால் பெரியப்பா செய்ததற்கு அந்தச் சொல் பொருந்தாது. உயிரை மட்டும் பிரித்து வைத்துக் காப்பாற்றினார். கவலையைப் பிரிக்க அவராலும் ஏலவில்லை. அவருக்கு இது தெரிந்துதான் செய்தாரா, கடைசியில்தான் தெரிந்ததா என்பதை இனி யாரிடம் கேட்பது?

துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பான் குடும்பங்களுக்கும், தங்கள் லீவைக் கொடுத்து எங்களுக்கு வாகனம் ஓடியவர்களுக்கும், சொந்தத் தகப்பனைப் போலப் பார்த்த தாதிமாருக்கும், அவருடைய ஏப்ரனை மடித்துக் கொண்டுவந்து பெட்டியில் வைத்த குசினித் தோழர்களுக்கும், தூர இருந்து போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மூத்தவளே, நீ போ. இது பெரியப்பாவின் விடை அல்ல. அவருடைய இரண்டையும் கேட்டுக் குழம்பிப்போன தம்பியின் விடை. அங்கே உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இங்கே எங்களுக்குச் சோறு இறங்காது. அதற்கு என்ன பெயர் என்று உன்னுடைய வாத்திமாரைக் கேட்டு எழுது.