யோகா அக்கா தூக்கிய இரண்டு பெட்டிகள்

போரால் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்த காலத்தில், பழைய ரேடியோ உதிரிகளைக் கொண்டு ஒரு சுரப்பெட்டி செய்தேன். அது எட்டுச் சுரங்களை வரிசையாக எழுப்பும். தனியே நன்றாக ஓடியது. எங்கள் இசைக்குழுவின் தாளப்பெட்டி வயர் வழியாக அனுப்பும் மின்துடிப்புக்கு மட்டும் அசையவே இல்லை. அன்று மாலை கோயிலில் கச்சேரி.

இரண்டுக்கும் இடையிலான வயரை ஈயம் வைத்து ஒட்டித் தந்தவர் குழுவில் பாடும் யோகா அக்கா. எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் கத்திவிட்டேன்.

"நீங்கள் கை வச்சபடியால்தான் பழுதாப்போச்சு!"

அக்கா ஓரமாக வைப்பதற்காக இரண்டு தகரப் பெட்டிகளையும் கைக்கொன்றாகத் தூக்கினார். சட்டென்று சுரங்கள் தாளத்தோடு ஓடின. கீழே வைத்ததும் நின்றுவிட்டன.

"தம்பி, நான் பிடிச்சா ஓடுது, விட்டா நிக்குது. ஏன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிகளுக்கு வெவ்வேறு பற்றரிகள். பெட்டித் தகரத்தோடு தொட்டிருந்த அவற்றின் மைனஸ் பக்கங்களை நான் ஒன்றாக இணைக்கவே இல்லை. அக்காவின் உடம்புதான் அந்த விடுபட்ட வயராக இருந்திருக்கிறது. இரண்டு மைனஸுக்கும் இடையே ஒரு துண்டு வயரைப் பூட்டினேன். சுரங்கள் பிசகாமல் ஓடின. எனக்கு மூச்சு வந்தது.

"பிழை என்ரதுதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி, விடும். நேரமாச்சு, வெளிக்கிடும்."

அன்று அவர் பாடியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்றும் எது பழுதானாலும், நான் செய்த பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.