ஆபாவை ஒரு வார்த்தை

வேனில் ஜுவேரியாவுக்குக் கிடைத்தது நடு இருக்கை. ஒரு பக்கம் கணவனின் அக்கா நஸ்ருன்னிசாவின் பருத்த தோள்; மறுபக்கம் ஜன்னலை மறைத்து அடுக்கிய ரஜாய்கள். பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் போர்வைகள் எல்லாமே ஜுவேரியாவின் கைத்தையல்.

"சரிஞ்சிடாம புடிச்சிக்கோ" என்றாள் நஸ்ருன்னிசா. பிடித்துக்கொண்டாள்.

ரஜாய் தைப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் அடையாறு பெண்மணிகள் ஏற்பாடு செய்த ஒருநாள் சுற்றுலா அது. தி.நகரில் துணிக்கடைகள், மயிலாப்பூரில் ஒரு தையற்கூடம், அடையாறில் கண்காட்சி, கடைசியாகக் கொட்டிவாக்கத்தில், நஸ்ருன்னிசாவிடம் ரஜாய் வாங்கி விற்கும் கீர்த்தியின் கடை. அவர்களுக்கு அது ஊர் சுற்றல், நஸ்ருன்னிசாவுக்கு வியாபாரம். ஜுவேரியாவுக்கோ இதை விட்டால் வேறு வழியில்லை. கீர்த்தி புதிதாகத் தையற்கூடம் தொடங்க ஆள் தேடுகிறாள் என்று காதில் விழுந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் மகள் ஆயத்தோடு தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விடலாம். இது ஆயத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கணவன் இறந்ததிலிருந்து ஜுவேரியா நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு உண்டு, துணி உண்டு, ஆயத்துக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. நஸ்ருன்னிசாவைக் கெட்டவள் என்று சொன்னால் சொல்கிறவர் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த வீட்டில் ஜுவேரியாவின் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. வருகிறவர்கள் எது கேட்டாலும், நூலின் நிறத்தைக் கேட்டாலும்கூட, "ஆபாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்பாள். ஆபா என்றால் அக்கா. பெரியவள் இருக்கும்போது தம்பி பெண்டாட்டி தானாகத் தலையாட்டுவது மரியாதை இல்லையாம். நல்ல மரியாதை!

கண்காட்சியில் எல்லோரும் ரஜாய்களின் முன்பக்கத்தைப் படம் எடுக்க, ஜுவேரியாவின் கை தானாக ஓரத்தைப் புரட்டி முதுகுப் பக்கத்துத் தையலைத் தேடியது. தைக்கிறவர்களுக்கு அதுதான் புத்தி.

"தொடாதம்மா!" என்றார் காவலாளி.

"மானத்த வாங்காத. என் பக்கத்துலயே நில்லு" என்றாள் நஸ்ருன்னிசா. அதன்பிறகு ஜுவேரியா கழிவறைக்குப் போனபோதுகூட வாசலில் காத்து நின்றாள்.

கொட்டிவாக்கத்தில்தான் வழி பிறந்தது. ரஜாய் மூட்டையை அவிழ்த்ததும் பெண்மணிகள் நஸ்ருன்னிசாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜுவேரியா மெல்ல நழுவிக் கீர்த்தியிடம் போனாள்.

"மேடம், ஆள் தேடறீங்களாமே. நான் வரட்டுமா?"

"அக்கா! நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். நாளைக்கே வந்துடறீங்களா?"

இவ்வளவு சுலபமா! 'வரேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தாள்.

"ஆபாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

தவளை தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. கீர்த்தியோ மரியாதை தெரிந்த பெண். ஜுவேரியா கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

நஸ்ருன்னிசா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தாள்.

"இன்னாத்துக்கும்மா அவ இவ்ளோ தூரம் அலையணும்? துணிய அனுப்பி வையி. வூட்லயே குந்திக்கினு தச்சுக் குடுத்துடுவா."

தையற்கூடத்துக்கு இடம் பிடிக்கும் தொல்லை விட்டதென்று கீர்த்திக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். ஜுவேரியாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியும்.

திரும்பும் வழியில் ஆயத் போனில் கூப்பிட்டாள்.

"அம்மி, கேட்டியா? இன்னா சொன்னாங்க?"

தோளோடு தோள் ஒட்டி நாத்தனார் உட்கார்ந்திருக்க, ஜுவேரியா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஆயத்தா? குடு, நான் சொல்றேன்" என்று நஸ்ருன்னிசா போனை வாங்கிக்கொண்டாள். "கண்ணு, உங்கம்மாவுக்குப் பெரிய ஆர்டர் கெடச்சிருக்கு! வருஷம் பூரா வேலை. இனிமே எங்கயும் வெளிய போவவே வேணாம்!"

பதிலுக்காகச் சற்றுக் காத்திருந்தாள். பிறகு போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"லைன் கீது. ஏன் பேச மாட்டேங்கறா இந்தப் பொண்ணு?"