கரண்டும் ஒரு பழைய கோபமும்

கடை நொடித்துப்போனவன் தன் பெயரில் கரண்ட் எடுப்பது இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் லேசான வேலையில்லை. போர்கோ வெக்கியோ பகுதியில் எடுத்த வாடகை வீட்டின் கதவுத் திறப்பு கையில் இருக்கிறது. வீடு மட்டும் இருட்டு.

இரண்டு கம்பனிகள் மறுத்துவிட்டன. இன்று மூன்றாவது.

கவுன்ரரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தாள். "வங்கிக் கணக்கிலிருந்து நேரே கழிப்பதென்றால் தரலாம். வேறொருவரின் கணக்கென்றாலும் சரி" என்றாள்.

என் கணக்கை வங்கி எப்போதோ மூடிவிட்டது.

"என்ரை கணக்கிலை வெட்டட்டும் அண்ணை."

பின்னால் வரிசையில் செல்வன். ஒருகாலம் என் கடையே கதியென்று கிடந்தவன். கடை மூடிய கிழமை கோயிலில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். அன்றோடு பேச்சை விட்டேன்.

"அண்டைக்கு என்னைத் தெரியேல்லை, இண்டைக்குத் தெரியுதோ?"

"உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டுதான் அண்ணை, காணாத மாதிரிப் போனனான்."

படிவத்தை அவன் பக்கம் தள்ளினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இனி மாதாமாதம் காசு கொடுக்க அவன் வீட்டுக்குப் போகவேண்டும். அவன் மனைவி தேத்தண்ணி தராமல் விடமாட்டா.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கோபத்தை எப்படிக் காப்பாற்றுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.