கட்டைவிரலில் ஒரு கயிறு

திண்டிவனத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, எதிர்வீட்டுப் பால்காரரைப் பார்த்துத்தான் விடியற்காலையில் எழும் பழக்கத்துக்கு ஆசைப்பட்டேன். எலும்பும் தோலுமான மனிதர். ஆனால் நாலு மணிக்கு எழ ஒருநாளும் தவறியதில்லை. எப்படி என்று கேட்டேன். வலது கால் கட்டைவிரலைக் காட்டினார். சுற்றிலும் கறுத்த தழும்பு.

"மாட்டுக் கழுத்துல ஒரு கயித்தக் கட்டி, மறுமுனைய இந்த வெரல்ல முடிஞ்சிக்கினு படுப்பேங்க. அது எழுந்தா நானும் எழுந்தாவணும்."

யுத்தத்தின்போது புண்ணாக்கு கிடைக்காமல் மாட்டை விற்றுவிட்டார். "இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாமே" என்றேன்.

"எங்கங்க? கயிறு இல்லன்னா கண்ணே மூட மாட்டேங்குது. வெறும் முளைக்குச்சியில கட்டிக்கினு படுக்கறேன். நாலு மணிக்கு இழுக்குதுங்க."

கயிறு ஏதும் கட்டாமலே, விடியற்காலையில் எழும் அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. நாலு மணிக்குக் கண் திறந்ததும், முதலில் என் கட்டைவிரலைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.