கதைக்கக் கூடாதவரோடு சந்நிதிக்கு

1984ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணியளவில், சுன்னாகத்தில் எங்கள் வீட்டுப் படலையடியில் மணியண்ணையின் ஒஸ்ரின் கார் வந்து நின்றது. போய்வரக் கூலி நூற்றைம்பது ரூபாய். சுன்னாகத்திலிருந்து புன்னாலைக்கட்டுவன், வசாவிளான், அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் பத்துக் கட்டை, அதாவது பத்து மைல். எங்கள் பக்கத்துச் சனம் சைக்கிளிலேயே போய், மத்தியானப் பூசை பார்த்துவிட்டுப் பொழுதோடு வீடு திரும்பிவிடும். நாங்கள் காரில் ஏறியும், போய்ச் சேருவோமா என்ற யோசனையோடுதான் புறப்பட்டோம்.

காருக்குள் என் கணவர் தம்பிராசா, ஒன்பது வயது மகள் வதனி, நான். என் கணவர் சுன்னாகம் சந்தையில் வெங்காயமும் மரக்கறியும் ஏலம் கூறுகிறவர். அவர் விலை கூப்பிட்டால் ரெயில்வே ஸ்ரேசன் வரைக்கும் கேட்கும். அந்தச் சித்திரையில் குரல் கம்மியது. தடிமன், சளி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். ஆனி மாதம் டொக்டர் தொண்டைக்குள் ஒரு துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார். அவருக்கு முப்பத்தெட்டு வயது.

கிழமையில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை. எங்கள் சனம் அதை 'லைற் பிடிக்கிறது' என்று சொல்லும். கதிர் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று, கழுத்தின் இரண்டு பக்கமும் ஊதா மையால் சதுரமாகக் கோடு கீறி விட்டிருந்தார்கள். அது அழியக் கூடாதென்று அங்கே தண்ணீர் படவிடுவதில்லை. போகப் போகச் சதுரத்துக்குள் தோல் கருகி உரியத் தொடங்கியது. புண் ஆறும் வரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, இரகசியம் பேசுவதுபோல மெல்லவும் கதைக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆகவே விரலால் ஒருமுறை தட்டினால் ஓம், இரண்டு முறை தட்டினால் இல்லை. இந்தப் பாஷையை எனக்கு முதல் வதனி பழகிவிட்டாள்.

நோயைவிட எனக்குப் பயமாக இருந்தது அவர் சாப்பிடாததுதான். விழுங்கும்போது நெருப்பு இறங்குவதுபோல இருக்க வேண்டும். பால் கொண்டுபோனாலும் கையால் தள்ளிவிடுவார். சந்நிதிக்குப் போவோமா என்று நான் கேட்டபோது இரண்டு தட்டு. பிறகு வதனி கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருமுறை தட்டினார்.

புன்னாலைக்கட்டுவன் தாண்டியதும் மணியண்ணை வேகத்தைக் குறைத்தார்.

"தங்கச்சி, வசாவிளான் பக்கம் ஆமி நிக்குதெண்டு நேற்று ஒரு கதை. என்ன செய்வம்?"

"போவம் அண்ணை. திங்கட்கிழமை திரும்பவும் லைற் பிடிக்க வேணும். இண்டைக்கு விட்டால் பிறகு இவருக்கு எழும்பி வரத் தெம்பு இராது."

மணியண்ணை கியரை மாற்றினார். இரண்டு பக்கமும் சிவந்த மண்ணில் வெங்காயப் பாத்திகள், வாழைகள், தண்ணீர் இறைக்கும் மெஷின்களின் சத்தம். தோட்டங்களில் ஆட்கள் வேலை செய்வதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த வளைவில் வீதிக்குக் குறுக்கே தார்ப்பீப்பாக்கள் நின்றன.

இராணுவச் சிப்பாய்கள் காரை ஓரமாக விடச் சொன்னார்கள். மணியண்ணையை இறக்கிப் பின்பெட்டியைத் திறக்க வைத்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் என் கணவரின் பக்கம் வந்து குனிந்தார்.

"பேர் என்ன?"

என் கணவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தார்.

"பேர் கேட்டது! வாய் இல்லையா?"

"சேர், அவருக்குக் கதைக்க ஏலாது. கான்சர்," என்றேன்.

"நீ பேச வேணாம். அவன் பேசணும்."

அவரைக் கீழே இறக்கினார்கள்; நானும் இறங்கினேன். புண் தெரியாமல் இருக்கச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, கழுத்தைச் சுற்றிச் சால்வையும் போட்டிருந்தார். ஒருவன் துவக்குக் குழாயின் முனையால் சால்வையை விலக்கினான். கருகிய தோலைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறியது.

"பொம்ப்? பொம்ப் வெடிச்சதா?"

அந்த ஆண்டில் அந்தக் கேள்விக்கு, குண்டு வைக்கிற இயக்கக்காரனா என்றுதான் பொருள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். வீதியில் இறக்கப்பட்ட ஆம்பிளைகளில் எத்தனையோ பேரை வீட்டுக்காரர் பிறகு காணவில்லை. என் கணவரைப் பனையடியில் முழங்காலில் இருத்தினார்கள். வெயில் நேராக அந்தப் புண்ணில் விழுந்தது. அதிகாரி மறுபடியும் பெயரைக் கேட்டார். என் கணவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிரப்பி மூச்சை இழுத்தார். சந்தையில் விலை கூப்பிட முதல் அப்படித்தான் இழுப்பார்.

"கதைக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது. தொண்டையைக் காக்கச் சொல்லி உயிரைக் கொடுக்க வைக்கிறேனோ என்று அந்தக் கணமே நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காற்றுப் போன ரியூப் போல ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. வலியில் முன்னால் சரிந்து கையை ஊன்றிக்கொண்டார்.

நிழலில் நின்ற வயதான சிப்பாய் ஒருவர் அப்போது நடந்து வந்தார். என் கணவரின் நாடியைப் பிடித்து முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். ஊதாக் கோட்டின் வழியே, தோலில் படாமல், விரலை ஓட்டிப் பார்த்தார். அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது 'மகரகம' என்ற ஒரே சொல். கொழும்புக்குப் பக்கத்தில் புற்றுநோய்க்காரர் போகும் ஊர் அது. பிறகு அவர் என்னைப் பார்த்துத் தன் நெஞ்சின் மேல் விரலால் ஒரு சதுரம் கீறிக் காட்டினார்.

"அம்மா," என்றார். "என் அம்மா."

அதிகாரி கழுத்தைப் பார்த்தார். காரின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த வதனியைப் பார்த்தார். "போ," என்றார்.

அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. பாஷை தெரியவில்லை. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, என் கணவரைத் தாங்கிக் காரில் ஏற்றி நானும் ஏறினேன்.

மணியண்ணைக்கு மூன்றாம் தரம்தான் கார் ஸ்ரார்ட் வந்தது. அச்சுவேலிச் சந்தி வரும்வரை நான் பின்கண்ணாடி வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வதனி இடம்விட்டு அசையாமல் இருந்தாள். பிறகுதான் கண்டேன், பயத்தில் சட்டையோடு சிறுநீர் போயிருந்தாள். வெட்கத்தில் அழவும் மாட்டாமல் இருந்தாள். என் கணவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுடைய இடுப்பில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, கன்னத்தில் ஒருமுறை தட்டினார். ஓம். எல்லாம் சரி.

பதினொரு மணிக்குச் சந்நிதியில் இறங்கினோம். ஆற்றங்கரையில் உப்புக் காற்று வீசியது. கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களில் வலை காய்ந்தது. வதனியைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றினேன். சுற்றியிருந்த மடங்களில் வருத்தக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வைத்தியம் கைவிட்டவர்களும், வைத்தியத்துக்கு வசதியில்லாதவர்களும், எங்களைப்போல இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் அங்கே வந்து நாட்கணக்கில் தங்குவார்கள். கழுத்துப் புண்ணை அங்கே ஒருவரும் வெறித்துப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த ஒரு பெண் மட்டும், "லைற் பிடிக்கிறதோ தங்கச்சி? சேட்டைத் திறந்துவிடச் சொல்லு, காத்துப் படட்டும்," என்றாள். அவர் பொத்தானைக் கழற்றினார். ஒரு மாதத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அவருடைய கழுத்துத் திறந்திருந்தது.

சந்நிதிப் பூசையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மந்திரம் இல்லை. பூசை செய்பவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மணிச் சத்தமும் கற்பூர வெளிச்சமும்தான். நான் முருகனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் இரண்டு நாளாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மணி அடித்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பனையடியில் முழங்காலில் இருந்தவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். அது ஒன்றே நெஞ்சு முழுக்க நிறைந்திருந்தது.

அந்த அமைதிக்குள் வதனி என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, பூசை செய்யிறவருக்கும் டொக்டர் கதைக்கக் கூடாதெண்டு சொன்னவரோ?"

மெதுவாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நான் பதறிப்போய் என் கணவரைப் பார்த்தேன். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணீர் வழிய, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்து அடக்கினேன். நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் வதனியும் சிரித்தாள். சாமி சந்நிதானத்தில் சிரித்ததற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சித்திரைக்குப் பிறகு கேளாத சிரிப்பு அது.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். மணியண்ணை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, நான் புத்தூர், கோப்பாய்ப் பக்கத்தாலை சுத்திக்கொண்டு போறன். சில கட்டை கூடத்தான். அதுக்குக் காசு கேக்கமாட்டன். ஆனா வந்த பாதையாலை என்னைப் போகச் சொல்லாதேங்கோ."

ஒவ்வொரு வளைவிலும் பீப்பாக்கள் நிற்குமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது என் கணவர் என் கையைப் பிடித்தார். பிள்ளைக்கு முன்னால், பிற ஆளுக்கு முன்னால், பதினொரு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் அப்படிச் செய்ததில்லை. என் உள்ளங்கையை விரித்து விரலால் எழுதத் தொடங்கினார். இனிமேல் லைற் வேண்டாம், என்னை விட்டுவிடு என்று எழுதப் போகிறாரோ என்று நினைத்தேன். முதல் தரம் விளங்கவில்லை. மறுபடியும் எழுதினார்.

'பசிக்குது.'

கோப்பாய்ச் சந்தித் தேநீர்க் கடையில் இடியப்பம் இருந்தது. பாலில் ஊறவிட்டு, சீனி போட்டு, விரலால் மசித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறுதலாச் சாப்பிடட்டும், நான் கடை பூட்ட நேரம் கிடக்கு," என்று சொல்லி அப்பால் போய் நின்றார். வெளிச்சம் இருக்கவே சுன்னாகம் வந்து சேர்ந்தோம்.

லைற் பிடிப்பது புரட்டாதியில் முடிந்தது. தை மாதம் குரல் வந்தது. கரகரத்த, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரல். அதைக் கொண்டு ஏலம் கூற முடியாது. சந்தையில் தராசடியில் நிறுக்கும் வேலைக்குப் போனார். இப்போதும் போகிறார்.

சந்நிதியானோ சுகப்படுத்தினது, டொக்டரோ என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. லைற்றும் பிடித்தோம், தீர்த்தமும் குடித்தோம். கோப்பாய்க் கடையில் அவர் முதல் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மேசையில் விரலால் தட்டி இரண்டாம் தட்டுக் கேட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.